ஃபோஸ்டெம் மாநாடு: இலவச நுழைவு, நிரம்பிய அறைகள்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியின் முதல் வார இறுதியை ஒட்டி நடைபெறும் ஃபோஸ்டெம் மாநாட்டுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெயரட்டைகூடக் கிடையாது. சனிக்கிழமை காலையில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்து போய், விருப்பமான அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். நீங்கள் யார், எந்த நிறுவனம், எந்த நாடு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளைப் பற்றிய மாநாடுகள் பல இருந்தாலும், இவ்வளவு பெரிய கூட்டத்தை இவ்வளவு குறைந்த கெடுபிடியோடு கூட்டுவது அரிது. இம்மாநாட்டில் பாராட்டத்தக்கவை பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்து வருகின்றன. இதில் உள்ள சங்கடங்களும் அதே முடிவிலிருந்துதான் வருகின்றன. ஆகவே போகலாமா, போனால் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று யோசிப்பவர்களுக்காக, பார்வையாளனாகப் போய்வந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

2001-இல் ஓஸ்டெம் என்ற பெயரில் முதல் கூட்டம் நடந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டுக்கொண்டதன் பேரில் பெயரின் முன்னே ஓர் எழுத்துக் கூடி ஃபோஸ்டெம் ஆயிற்று. பெருந்தொற்றின் காரணமாக 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மேட்ரிக்ஸ் அரட்டைத் தளத்தின் வழியே இணையத்தில் மட்டும் நடந்தது. 2025-இல் வெள்ளி விழாவைக் கண்டது. இத்தனை ஆண்டுகளாகியும் மாநாட்டை நடத்துபவர்கள் தன்னார்வலர்களே. நன்கொடை, டி-ஷர்ட் விற்பனை, சில நிறுவனங்களின் ஆதரவு ஆகியவற்றைக் கொண்டே செலவு ஈடுகட்டப்படுகிறது. மேடைக்குப் பின்னால் ஆதரவாளர் பெயர்கள் சுவரளவுக்குத் தொங்கும் வணிக மாநாடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே சுவர்கள் வெறுமையாக இருப்பதே முதலில் படும்.

இடம், யு.எல்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரஸ்ஸல்ஸ் கட்டற்ற பல்கலைக்கழகத்தின் சோல்பாஷ் வளாகம். நகரின் மைய ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து 71-ஆம் எண் பேருந்தில் ஏறினால் நேராக இறங்கிக்கொள்ளலாம். ஆனால் சனிக்கிழமை காலையில் அந்தப் பேருந்தில் மடிக்கணினிப் பைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நிற்க நேரும் என்பதால், எட்டாம் எண் டிராமையே பரிந்துரைப்பேன். வளாகத்துக்குள் ஜான்சன் அரங்கம் 1400 பேருக்கு மேல் அமரக்கூடிய பேரரங்கம். தொடக்க உரையும் பொது உரைகளும் அங்கே நடக்கும். கே கட்டடத்தின் நீண்ட கூடத்தில் மென்பொருள் திட்டங்களின் மேசைகளும், அதன் மேல் தளங்களில் சிறு அறைகளும் உள்ளன. எச், ஏடபிள்யூ, யூ என்ற எழுத்துகளைக் கொண்ட மற்றக் கட்டடங்கள் சரிவான நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கட்டடத்தில் தரைத்தளமாக இருப்பது அடுத்ததில் இரண்டாம் தளமாக இருக்கும். ‘யூபி2.252ஏ’ போன்ற அறை எண்களை வைத்துக்கொண்டு வழி தேடுவது புதியவருக்குத் திணறலாகவே இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிகளின் கிடங்கில் கிடைக்கும் ஃபோஸ்டெம் கம்பேனியன் என்ற செயலியை முந்தைய இரவே நிறுவிக்கொள்வது நல்லது. நிகழ்ச்சி நிரல் இணைய இணைப்பு இல்லாமலும் அதில் கிடைக்கும். எந்த அறை நிரம்பிவிட்டது என்பதையும் அது காட்டும்.

‘நிரம்பிவிட்டது’ என்ற அந்தச் சொல்லில்தான் இம்மாநாட்டின் தலையாய சிக்கல் இருக்கிறது. இரண்டு நாள்களில் 800-க்கும் மேற்பட்ட உரைகள். வருவோர் 8000 பேருக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. பதிவு இல்லாத காரணத்தால் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்ல எவராலும் இயலாது. அறைகளோ பல்கலைக்கழக வகுப்பறைகள். சிலவற்றில் நூறு பேர்கூட உட்கார முடியாது. தீ விபத்துப் பாதுகாப்பு விதிகளின்படி இருக்கைகள் நிறைந்தவுடன் கதவு சாத்தப்பட்டு, நிரம்பிவிட்டது என்று எழுதிய தாள் அதில் ஒட்டப்படும். படிக்கட்டில் உட்காரவோ, சுவரோரம் நிற்கவோ அனுமதி இல்லை. உள்ளே இருந்து ஒருவர் வெளியே வந்தால் வெளியே நிற்கும் வரிசையிலிருந்து ஒருவர் போகலாம். ரஸ்ட், கோ, பைத்தான் போன்ற நிரல்மொழிகளுக்கான அறைகளிலும், பேசுபொருள் சற்றுச் சூடாக இருக்கும் எந்த அறையிலும், காலை பத்தரைக்குப் பிறகு இதுவே நிலைமை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, பத்தரைக்கு இது, பதினொன்றுக்கு அது, பதினொன்றரைக்கு வேறொன்று என்று வண்ணக் கோடிட்டுக்கொண்டு வருபவர்கள் நாளின் பெரும்பகுதியைச் சாத்திய கதவுகளின் முன்னால் கழிப்பார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கே, கூட்டத்தில் நீந்தி, பத்து நிமிடங்கள் பிடிக்கும். பல உரைகளுக்கு ஒதுக்கப்பட்ட நேரமோ இருபது, இருபத்தைந்து நிமிடங்கள்தான்.

இதற்கு மாற்றாக முன்பதிவு வைத்துக் கூட்டத்தைக் குறைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பதிவு வைத்தால் முதலில் இடம் பிடிப்பவர்கள் நிறுவனங்களால் அனுப்பப்படுபவர்களாகவே இருப்பார்கள். கடைசி நேரத்தில் மலிவான பேருந்துச் சீட்டுக் கிடைத்துக் கிளம்பி வருகிற கல்லூரி மாணவர் அதில் அடிபட்டுப் போவார். வேறு மாநாடுகளில் பார்க்க முடியாத பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளையும், பணி ஓய்வுபெற்ற முதியவர்களையும் இங்கே வரிசையில் பார்க்கலாம் என்றால், வாசலில் யாரும் இல்லை என்பதே அதற்குக் காரணம். நெரிசலை அதற்கான விலையாக ஏற்றுக்கொள்ளலாம்.

ஏற்றுக்கொண்டவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை ஒன்றே. டெவ்ரூம் என்று அழைக்கப்படும் அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது திறக்கும்போதே போய் உட்கார்ந்து, அரை நாளாவது எழாமல் இருப்பது. டெவ்ரூம் என்பது ஒரு துறையைச் சேர்ந்த சமூகத்துக்கு மாநாடு தரும் அறை. மாநாட்டு அமைப்பாளர்கள் அறையையும் படக்கருவிகளையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். யாரைப் பேச அழைப்பது, எந்த வரிசையில் பேச வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அந்தந்தச் சமூகத்தினரின் பொறுப்பு. தரவுத்தளம், இயங்குதளத்தின் சிறிய உட்கருவான நுண்கருவகம், திறந்த வடிவமைப்பு கொண்ட ரிஸ்க்-ஃபைவ் சில்லு, பழைய கணினிகளை உயிர்ப்பித்தல், உரிமங்களின் சட்டச் சிக்கல்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் பல பத்து அறைகள் இயங்குகின்றன. அறைக்கு அறை தரமும் மாறும். சில அறைகளில் உரைகள் கச்சிதமாக வடிகட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் ஒரே நிறுவனத்தின் விளம்பரத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுவார்கள். நிகழ்ச்சி நிரலில் பேச்சாளர்களின் நிறுவனப் பெயர்களை ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் எது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஓர் அறையிலேயே உட்கார்ந்திருப்பதன் பயன் மூன்றாவது உரைக்குப் பிறகே விளங்கும். முதல் உரையைக் கொடுத்தவர் இறங்கி வந்து உங்கள் வரிசையிலேயே அமர்ந்து, மூன்றாமவரிடம் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி, ஈராண்டுகளாக ஒரு திட்டத்தின் நிரல் வைக்கப்படும் நிரற்கிடங்கில் இழுபட்டுக்கொண்டிருக்கும் விவாதத்தின் தொடர்ச்சியாக இருக்கும். அறையை நடத்துபவர், ஐந்து நிமிடங்கள் மீதமுள்ளன என்று எழுதிய தாளைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தானும் அந்த விவாதத்தில் கலந்துகொள்வார். உரை முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள், மடக்கு இருக்கைகள் படபடவென்று எழும்பும் ஓசையோடு பாதிப்பேர் வெளியேறுவார்கள். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே வருவார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வழிவிடுவதற்காக வரிசையே எழுந்து நிற்கும். அந்த ஐந்து நிமிடக் குழப்பத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் ‘நீங்கள் இதை உண்மையான சுமையில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால் வருகிற பதில், மேடையில் காட்டப்பட்ட வரைபடங்களைவிடப் பயனுள்ளதாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மேசைகள் இருக்கும் கே கட்டடத்துக் கூடத்துக்கு முற்பகலில் போகக் கூடாது. டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள், கேடிஈ, குனோம், லிப்ரே ஆபீஸ், மொசில்லா என்று பெயர் தெரிந்த திட்டங்களும், பெயரே கேள்விப்படாத திட்டங்களும் அடுத்தடுத்து மேசை போட்டிருக்க, நடுவே நடக்க ஒரு முழ அகலம்கூட எஞ்சாது. ஸ்டிக்கர் அள்ளுபவர்கள் ஒருபுறம், சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு திரியும், விஎல்சி என்ற காணொளி இயக்கியின் ஆட்கள் ஒருபுறம் என்று, திருவிழாக் கடைத்தெருவில் நடக்கிற மாதிரிதான் நகர வேண்டியிருக்கும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் கூட்டம் வடிந்திருக்கும். மேசையில் இருப்பவர்களுக்கும் பேசத் தெம்பு மிச்சமிருக்கும்.

அப்படியொரு பொழுதில், அலுவலகச் செயலி ஒன்றின் மேசையில், தமிழ் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு அதிலிருந்து எழுத்துகளை நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி விழுவதைக் காட்டினேன். அங்கிருந்த பெண்மணி தமிழ் அறியாதவர். ‘கொ’ என்ற எழுத்தில் மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்பதைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். அது திரையில் தோன்றும் வரிசைக்கும் யூனிகோடில் சேமிக்கப்படும் வரிசைக்கும் உள்ள வேறுபாட்டை உடனே பிடித்துக்கொண்டார். பிறகு தம் கணினியில் வெவ்வேறு எழுத்துருக்களில் அதையே செய்து பார்த்து, சிக்கல் எழுத்துருவைப் பொறுத்து மாறுகிறது என்று கண்டு, மென்பொருள் பிழையைத் தெரிவிக்கும் வழு அறிக்கையில் எந்தெந்தக் கோப்புகளை இணைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இணையத்தின் வழியே எழுதிப் புரியவைக்க முனைந்திருந்தால் மாதக்கணக்கில் இழுத்திருக்கக்கூடிய செய்தி அது. இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள், தீராத வழு ஒன்றையும் அதைத் தெளிவாகக் காட்டும் சிறிய மாதிரிக் கோப்பு ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்வது மிகவும் நல்லது.

உரைகளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். ஏறத்தாழ ஒவ்வோர் அறையிலும் உரைகள் நேரலையில் ஒளிபரப்பாகின்றன, பதிவும் செய்யப்படுகின்றன. இம்மாநாட்டின் தொழில்நுட்பச் சாதனை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். பேச்சாளர் மேசையில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். மடிக்கணினியின் ஹெச்டிஎம்ஐ கம்பியை அதில் செருகியவுடன் திரைக்காட்சியும் படக்கருவியில் தெரியும் பேச்சாளர் முகமும் ஒரே சட்டகத்தில் சேர்ந்துவிடும். அந்தப் பெட்டிகளும் அவற்றை இயக்கும் மென்பொருளும் மாநாட்டுத் தன்னார்வலர்களே உருவாக்கியவை. பதிவுகளை வெட்டும் வேலையையும் ஒருவரே உட்கார்ந்து செய்வதில்லை. டெபியன் உருவாக்குநர் ஒருவர் பெர்ல் மொழியில் எழுதிய எஸ்ரிவ்யூ என்ற மென்பொருள், நிகழ்ச்சி நிரலில் உள்ள நேரத்தை வைத்து ஒவ்வோர் உரையையும் தானாக வெட்டி, ‘தொடக்கமும் முடிவும் சரியா?’ என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புகிறது. பேச்சாளரோ அறைப் பொறுப்பாளரோ சில நொடிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்த்துவிட்டால், அந்த உரை, எவரும் பகிர இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவெளிக்கு வந்துவிடும். அன்று மாலையே வெளியாகும் உரைகள் உண்டு. நூற்றுக்கணக்கான காணொளிகளைச் சம்பளம் வாங்காத ஒரு குழு இந்த வேகத்தில் வெளியிடுவதைப் பார்த்த பிறகு, சீட்டுக்கு ஆயிரம் யூரோ வாங்கிவிட்டுப் பதிவுகளை மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் மாநாடுகளின் மீது பொறுமை குறைந்துவிடுகிறது. குறை என்று சொன்னால், பார்வையாளர்கள் கேட்கும் கேள்விகளைப் பேச்சாளர் திரும்பச் சொல்ல மறந்துவிடும்போது, பதிவில் பதில் மட்டுமே கேட்கும்.

வைஃபை வலையமைப்பும் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இங்கே இயல்பாகக் கிடைக்கும் வலையமைப்பு, இணையத்தில் கணினிகளுக்கான புதிய முகவரி முறையான ஐபிவி6 முகவரிகளை மட்டுமே தருகிறது. பழைய ஐபிவி4 தளங்களை அடைவதற்கு இடையில் முகவரிகளை மாற்றித்தரும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரண்டையும் தரும் வலையமைப்பு வேண்டுபவர்களுக்குத் தனியே ஒன்று உண்டு. அதற்கு வைத்திருக்கும் பெயரிலேயே, இன்னுமா பழையதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்ற கிண்டல் தொனிக்கும். ஆயிரக்கணக்கான நிரலர்களின் கணினிகள் ஒரே நாளில் இதில் இணையும்போது, முகவரியை எண்களாக நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் செயலிகள் அப்போதே பல்லிளித்துவிடும். அலுவலக வலையமைப்புக்குள் வெளியிலிருந்து நுழைய உதவும் விபிஎன் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்களை நடைவழிகளில் கேட்கலாம். விருந்தாளியைச் சோதனைக்கு உட்படுத்துவது முறையா என்று கேட்டால், இந்த விருந்தாளிகளுக்கு முறைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை அலுவலகங்கள் இந்நகரில் இருப்பதால், அண்மை ஆண்டுகளில் மாநாட்டுக்கு இன்னொரு முகமும் கூடியிருக்கிறது. மின்னணுப் பொருள்களின் பாதுகாப்புக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் என்ற சட்டத்தை ஐரோப்பிய ஆணையம் 2022 செப்டம்பரில் முன்மொழிந்தபோது, ஊதியமின்றி நிரல் எழுதுபவரும் அதன் பிடியில் சிக்குவாரோ என்ற அச்சம் பரவியது. 2023-ஆம் ஆண்டு மாநாட்டிலேயே ஆணையத்தின் அதிகாரிகள் வந்து, நிரலர்களின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார்கள். பின்னர் நிறைவேறிய சட்டத்தில், கட்டற்ற மென்பொருளைப் பேணும் அறக்கட்டளைகள் போன்றவற்றுக்கு இலகுவான கடமைகள் கொண்ட தனி வகை ஒன்று சேர்க்கப்பட்டது. 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகின்றன. ஆகவே சட்டமும் கொள்கையும் பேசப்படும் அறைகள் முன்பு போலத் தூங்கி வழிவதில்லை. ஐரோப்பாவுக்கு மென்பொருளோ கருவிகளோ விற்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், அந்த நிறுவனம் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தாலும், இந்த அறைகளுக்குப் போவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளாகத்துக்குள் நிற்கும் வண்டிகளில் பொரித்த உருளைக்கிழங்கும் வாஃபிளும் கிடைக்கும்; மதிய வேளையில் வரிசை நீளம். சைவ உணவினர் நகரிலிருந்தே ரொட்டியோ பழமோ வாங்கி வருவது உத்தமம். வெள்ளிக்கிழமை இரவு பழைய நகரின் சந்துகளில் பீர் விருந்து என்ற மரபு நெடுங்காலமாக இருந்துவருகிறது. குடிப்பழக்கம் இல்லாதவருக்கும் பேச ஆள் கிடைக்கும், ஆனால் பேசுவது காதில் விழாது. பிப்ரவரி மாதத்து பிரஸ்ஸல்ஸில் பனியைவிட மழைதான் தொல்லை. வெளியே நடுங்கிவிட்டு, காற்றோட்டம் இல்லாத அறையில் நூறு பேரோடு உட்கார்ந்து, மீண்டும் வெளியே வந்தால் மறுவாரம் தடுமனும் இருமலும் உறுதி. அதற்கு மாநாட்டின் பெயராலேயே ஒரு காய்ச்சலைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள்.

இலவசம் என்ற சொல்லை இந்தியாவிலிருந்து பார்த்தால் வேறு விதமாகவே தெரியும். ஷெங்கன் விசா, விமானக் கட்டணம், விடுதி வாடகை எல்லாம் சேர்ந்தால், நுழைவுக் கட்டணம் இல்லாதது ஒரு பொருட்டே அல்ல. பயணத்துக்கு நல்கை கிடைக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் டெபியன் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் கூடும் டெப்கான்ஃப் போன்ற கூட்டங்களையே முதலில் யோசிக்கலாம். 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது அத்தகைய கூட்டம். ஒரு வாரம் முழுவதும் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வேலை செய்யும் அமைப்பு அது. பதிவு உண்டு, தேவைப்படுவோருக்குப் பயண உதவியும் உண்டு. முதன்முறை பங்கேற்பவர் தனித்து விடப்படும் வாய்ப்பு அங்கே குறைவு. ஃபோஸ்டெமில் உங்களை யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் வாருங்கள் என்று கைப்பிடித்து அழைத்துப் போகவும் யாரும் இல்லை. ஏதாவதொரு திட்டத்தில் ஒரு சிறிய திருத்தமாவது அனுப்பியிருந்து, அதன் ஆட்களைப் பார்க்க வேண்டும் என்ற காரணத்தோடு வருபவருக்கே இது முழுப் பயனைத் தரும். உரைகளை மட்டும் கேட்க விரும்புபவர், வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே நேரலையில் பார்த்துவிடலாம். அங்கே இருப்பவர்களைவிட அதிக உரைகளைப் பார்த்திருப்பார்.

ஐரோப்பாவிலேயே இருப்பவர்களுக்கும், வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் வருபவர்களுக்கும் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. மாநாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்களைச் சேர்த்துத் திட்டமிடுங்கள். பல திட்டங்கள் தங்கள் உள்வட்டக் கூட்டங்களை இதே வாரத்தில் வைத்துக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமையன்று பிரஸ்ஸல்ஸில் கொள்கை சார்ந்த கூட்டங்கள் நடக்கும். திங்கட்கிழமை முதல், ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள கென்ட் நகரில் சர்வர் நிர்வாகக் கருவிகளைப் பற்றிய கன்ஃபிக் மேனேஜ்மென்ட் கேம்ப் நடக்கும். விடுதி அறைகளின் வாடகை ஜனவரியில் ஏறத் தொடங்கும் என்பதால், தேதி அறிவிக்கப்பட்டவுடனேயே இடம் பிடித்துவிடுவது நல்லது. பல்கலைக்கழகத்தின் அருகிலேயே வேண்டும் என்று தேட வேண்டியதில்லை, எட்டாம் எண் டிராம் போகும் வழியில் எங்கே தங்கினாலும் போதும்.